எட்டுக் குதிரை

இந்தப் பக்கத்தில் புத்தகம், சினிமா, டிவி சீரியல், ஹோட்டல் சாம்பார் எல்லாவற்றையும் விமர்சித்தாகிவிட்டது. ஒரு குழாயை விமர்சித்ததில்லை. அந்தக் குறையையும் இந்த வாரம் தீர்த்துவிடலாம். காரணம், கடத்தூர்.

தர்மபுரி மாவட்டம் கடத்தூரில் என் சித்தப்பா மகன் கரும்பு போடுகிறான். கரும்பு போடுகிறவர்கள் எல்லாரும் லாரியில் ஏற்றி சர்க்கரை ஆலைக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். தோட்டத்திலேயே கொட்டாய் போட்டு, சாறு பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி வெல்லமாக விற்கிறவர்கள் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். இவன் அதில் ஒருவன். போன தடவை போயிருந்தபோது சூடான பாகு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு பஞ்சாயத்தையும் கொடுத்தான்.

"அண்ணா, இவன் காருக்கு ஏதோ பைப் மாத்தணுமாம். முப்பத்தெட்டாயிரமாம். வெல்லம் இன்னிக்கு என்ன விலைக்குப் போகுதுன்னு இவனுக்குத் தெரியுமா, கேளுங்க."

'இவன்' அவன் மகன். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓசூரில் ஒரு உதிரி பாகத் தொழிற்சாலையில் வேலை. 2015 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல், செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறான். அதற்கு 'ஹெட்டர்' போட வேண்டும் என்கிறான்.

"எட்டு குதிரை ஏறும் பெரியப்பா. போட்டவங்க எல்லாரும் சொல்றாங்க."

நம் மெக்கானிக்குகள் பைக்கில் 'பெண்ட் பைப்' என்று சொல்வதன் கார் வடிவம்தான் ஹெட்டர். என்ஜினிலிருந்து புகை வெளியே வரும் முதல் இரண்டு அடி சமாசாரம். கம்பெனியில் அதை வார்ப்பிரும்பில் குட்டையாக, தடியாகச் செய்து மாட்டியிருப்பார்கள். மேனிஃபோல்டு என்று பெயர். அதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக வளைந்த ஸ்டீல் குழாய்கள் வைத்து, கீழே ஒன்றாகச் சேர்த்தால் ஹெட்டர். பார்க்க அழகாக இருக்கும். பளபளவென்று, நான்கு பாம்புகள் ஒரு புற்றுக்குள் நுழைகிற மாதிரி.

எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறேன், இது பித்தலாட்டம் இல்லை. ஹெட்டருக்குப் பின்னால் இருப்பது அசல் பௌதிகம். அதனால்தான் இதை விமர்சிப்பது கஷ்டம். முழுப் பொய் என்றால் இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

கொட்டாயிலேயே உட்கார்ந்து பேசியதால் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. கொப்பரைக்குக் கீழே அடுப்பு. ஒரு பக்கம் கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். இன்னொரு பக்கம் புகைபோக்கி. அந்தப் புகைபோக்கி புகையை வெளியே விடுவதற்கு மட்டுமா? இல்லை. வெளியே போகிற சூடான புகை, தன் பின்னால் புதுக் காற்றை அடுப்புக்குள் இழுக்கிறது. புகை போனால்தான் காற்று வரும். காற்று வந்தால்தான் தீ எரியும். என்ஜினும் அப்படித்தான். உறிஞ்சு, அழுத்து, வெடி, துப்பு என்று நான்கு வேலை. ஒழுங்காகத் துப்பினால்தான் அடுத்த தடவை ஒழுங்காக உறிஞ்ச முடியும். பழைய புகை உள்ளே மிச்சமிருந்தால், அந்த அளவுக்குப் புதுக் கலவைக்கு இடமில்லை.

நான்கு சிலிண்டர் என்ஜினில் இன்னொரு தொல்லை உண்டு. பெரும்பாலான கார்களில் அவை 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும். குட்டையான பொது மேனிஃபோல்டில் ஒருவர் துப்புகிற வேகத்தில், பக்கத்து வீட்டுக்காரரின் மூடாத கதவு வழியாகக் கொஞ்சம் உள்ளே போய்விடும். லைன் வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இது புரியும். தனித்தனிக் குழாய் வைத்தால் அந்தச் சண்டை இல்லை.

இதற்கு மேல்தான் சுவாரஸ்யம். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. நான்கு குழாய்களும் சேருகிற, அகலமான இடம் வந்ததும் அந்த அலை திரும்புகிறது. திரும்பும்போது குணம் மாறி, தள்ளுகிற அலை இழுக்கிற அலையாக வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன்பு அது வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி எடுக்கும். காசு கொடுக்காமல் கிடைத்த பம்ப்.

அந்த 'வந்து சேர்ந்தால்' என்ற வார்த்தையில்தான் வியாபாரமே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சூடான புகையில் ஒலி வினாடிக்கு 500 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. 80 சென்டிமீட்டர் குழாயில் அலை போய்த் திரும்ப ஏறக்குறைய மூன்று மில்லி செகண்ட். இது குழாயின் நேரம். பெரிதாக மாறாது. என்ஜின் நேரம் அப்படியில்லை. 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்று 10 மில்லி செகண்டில் முடிந்துவிடும். 2000 ஆர்பிஎம்மில் அதே சுற்றுக்கு 30 மில்லி செகண்ட். ஆறாயிரத்தில் முகூர்த்தத்துக்குச் சரியாக வந்து நிற்கிற அலை, இரண்டாயிரத்தில் முதல்நாள் சாயங்காலமே வந்து பந்தக்காலோடு பேசிக்கொண்டிருக்கும். சில வேகங்களில் உதவுவதற்குப் பதில் உபத்திரவமும் செய்யும்.

நாதஸ்வரத்தில் திமிரி என்றும் பாரி என்றும் இரண்டு உண்டு. திமிரி குட்டை, உச்சமான சுருதி. பாரி நீளம், தணிந்த சுருதி. பாரியைப் பிரபலமாக்கியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. திமிரியை வைத்துக்கொண்டு பாரியின் சுருதியைக் கேட்டால் வித்வான் சிரிப்பார். ஹெட்டரும் அந்த ஜாதிதான். மற்றவை சமமாக இருந்தால், குட்டைக் குழாய் உச்ச வேகத்துக்கு. நீளக் குழாய் கீழ் வேகத்தின் இழுவைக்கு. நான்கையும் நேராக ஒன்றில் சேர்ப்பது ஒரு வகை. ஒன்றும் நாலும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி என்று முதலில் சேர்த்து, பிறகு ஒன்றாக்குவது இன்னொரு வகை. முதலாவது பொதுவாக ரேஸுக்கு, இரண்டாவது ரோட்டுக்கு. எல்லா வேகத்துக்கும் ஒரே குழாய் என்பது கிடையாது.

ஆகவே 'எட்டுக் குதிரை' என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த ஆர்பிஎம்மில்?

மருமகள் தேடுகிற மாமியார் மாதிரி இன்னும் நாலு கேள்வி கேட்டேன். குதிரையை என்ஜினில் அளந்தார்களா, சக்கரத்தில் அளந்தார்களா? மாற்றுவதற்கு முன்னால் அதே வண்டியை, அதே நாளில், அதே மெஷினில் அளந்தார்களா? எத்தனை தடவை? (டைனோ என்கிற அந்த மெஷினில் ஒரே வண்டியை அடுத்தடுத்து ஓட்டினாலே, என்ஜின் சூட்டுக்கும் அறையின் வெப்பத்துக்கும் ஏற்ப எண் கொஞ்சம் ஆடும்.) கூடவே ஈசியுவில் பெட்ரோல் கணக்கை மாற்றினார்களா? பையனிடம் பதில் இல்லை. செல்போனில் ஒரு படம் காட்டினான். ஒரு கோடு மேலே போகிறது. அதற்கு மேலே இன்னொரு கோடு போகிறது. நெடுக்கில் எத்தனை, படுக்கையில் எத்தனை என்று எண்களே இல்லை. மலை மேல் மலை. சீன ஓவியம் போல நன்றாகத்தான் இருந்தது.

இவன் வண்டிக்குக் கம்பெனி சொல்வது 6000 ஆர்பிஎம்மில் 84 குதிரை. எட்டு என்றால் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. காற்று உள்ளே வரும் வழியைத் தொடாமல், கேம் ஷாஃப்டைத் தொடாமல், பெட்ரோல் அளவைத் தொடாமல், வெறும் வாசல் குழாயை மாற்றி டர்போ இல்லாத ரோட்டு காரில் அவ்வளவு எடுப்பது அபூர்வம். நல்ல ஹெட்டரே சில சதவீதம்தான் தரும். அதுவும் உச்சத்தில்.

சும்மா குழாயை அகலமாக்கினால் என்ன என்று கேட்கலாம். அதற்குப் பதிலை என் தம்பியே சொன்னான். பையன் பக்கம் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டு: "ரெண்டு வருசம் முன்னாடி புகைபோக்கிய ரெண்டு அடி ஏத்துனேண்ணா. தீ திகுதிகுன்னு எரிஞ்சுது. சக்கை பத்தல. சூடெல்லாம் மேலயே போயிருச்சு. மறுபடியும் இறக்கிட்டேன்."

இங்கே அந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்காகக் கொஞ்சம் வக்காலத்து வாங்க வேண்டும். ஹெட்டர் விற்கிறவர்கள் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் கம்பெனி இன்ஜினியர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்று தோன்றும். அது மலிவு, உண்மைதான். ஆனால் பல வருடம் விரிசல் விடாது. தடியாக இருப்பதால் சத்தத்தை உள்ளேயே அமுக்கும். சூட்டைக் காப்பாற்றி, அடுத்து இருக்கும் கேடலிடிக் கன்வர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்கும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடு சுமார் 300 டிகிரி எட்டினால்தான் வேலையே ஆரம்பிக்கும். கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் எரியாத பெட்ரோலையும் அடக்குவது அதுதான். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானபோது, அதற்காகவே ஈயம் இல்லாத பெட்ரோலும் வந்தது. இன்றைய கார்களில் அது மேனிஃபோல்டை ஒட்டியே இருக்கிறது. சில புதிய என்ஜின்களில் மேனிஃபோல்டையே சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்து வார்த்துவிடுகிறார்கள், கழற்றவே முடியாது. முப்பத்தெட்டாயிரம் ரூபாய் ஹெட்டரில் கன்வர்ட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். "அதை எடுத்துட்டாதான் பெரியப்பா ஃப்ரீ ஃப்ளோ" என்றான். அந்த ஃப்ரீ, பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் மூக்குக்கு.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். வண்டியைக் கம்பெனி தந்த வடிவத்திலிருந்து மாறுபட மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போலீசார் சைலன்ஸர்களை வரிசையாகப் படுக்க வைத்து ரோடு ரோலர் விடுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். பையனுக்கு இதெல்லாம் தெரியும். இருபத்தாறு வயதில் எல்லாருக்கும் எல்லாச் சட்டமும் தெரியும்.

குழாயை மட்டமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு குழாயின் வடிவத்துக்காக ஒருவர் நாட்டைவிட்டு ஓடிய கதை உண்டு. கிழக்கு ஜெர்மனியில் வால்ட்டர் காடன் என்ற இன்ஜினியர், எம்இசட் என்ற கம்பெனியின் டூ ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு, நடுவில் வயிறு பெருத்த ஒரு புகைக்குழாயை உருவாக்கினார். திரும்பி வரும் அலையை வைத்து, தப்பி ஓடும் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள்ளேயே தள்ளும் தந்திரம். அவருடைய ரேஸ் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961ல் ஸ்வீடன் பந்தயத்துக்குப் போனவர் அப்படியே மேற்கே தாவி, ஜப்பான் சுசுகியில் சேர்ந்தார். ரகசியமும் கூடவே போயிற்று. மறு வருடம் 50 சிசி உலக சாம்பியன் சுசுகி. அந்தப் பெருத்த வயிற்றின் தூரத்துச் சொந்தம்தான் 1985ல் இந்தியாவுக்கு வந்த யமஹா ஆர்எக்ஸ் 100ன் சைலன்ஸர். அந்தச் சத்தத்துக்கு இன்றைக்கும் தமிழ்நாட்டில் பக்தர்கள் உண்டு. வண்டி நின்றுபோய் முப்பது வருடம் ஆகப் போகிறது.

நம் ஊர் கதையும் இருக்கிறது. கோயம்புத்தூரில் கரிவர்தன் என்று ஒருவர் இருந்தார். மில் குடும்பம். பணத்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டு ரேஸ் காரை வாங்கி நிறுத்தியிருக்கலாம். அவர் மாருதி 800ன் என்ஜினை எடுத்தார். மூன்று சிலிண்டர், 796 சிசி, ரோட்டில் 40 குதிரைக்கும் கீழே. அதை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டினார். நாராயண் கார்த்திகேயன் முதலில் பந்தயத்தில் ஓட்டியது அந்த வகை வண்டியைத்தான். 2005ல் அவர் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை. 1995ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் ஒரு ரேஸ் டிராக் வந்தது.

அதே கோவையின் ஜெயெம் நிறுவனமும் டாடாவும் சேர்ந்து 2018ல் டியாகோ ஜேடிபி என்ற காரைக் கொண்டுவந்தார்கள். 1.2 லிட்டர் டர்போ, 114 பிஎஸ். காற்று உள்ளே வரும் வழியையும் புகை வெளியே போகும் வழியையும் சேர்த்தே திருத்தி, சஸ்பென்ஷனை இறக்கி, டயரை மாற்றி, அரசாங்க அனுமதியோடு ஷோரூமில் விற்றார்கள். 2020ல் பிஎஸ் 6 வந்தபோது அது நின்றுபோனது. அதிகம் பேர் வாங்கவில்லை என்பதுதான் வருத்தம். முறையாக அளந்து, எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்த வண்டியை விட்டுவிட்டு, எண் இல்லாத கோட்டுப் படத்துக்கு முப்பத்தெட்டாயிரம் தர ஆளிருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று யார் சொன்னது? ஆர்வம் ஏராளம். விற்கிறவன் ஒரே ஒரு எண்ணை முழுதாகச் சொன்னால் போதும், இவர்கள் மிச்சத்தைத் தாங்களே போட்டுப் பார்த்துவிடுவார்கள். அதனால்தான் சொல்வதில்லை.

சரி, உனக்கு எதற்குப்பா எட்டுக் குதிரை என்று கடைசியாகக் கேட்டேன். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

"சேலத்துலேருந்து திரும்பும்போது தொப்பூர் ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது பெரியப்பா. வீட்ல எல்லாரும் இருப்பாங்க, ஏசி போட்டிருக்கும். பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றான். பயமா இருக்கு."

இது வேறு விஷயம். தொப்பூர் கணவாய் தெரிந்தவர்கள் அந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய மாட்டார்கள். நான்கு பேரோடு அந்த ஏற்றத்தில் பின்தங்குவது விளையாட்டில்லை. அவனுக்கு நிஜமான தேவை இருந்தது. அதற்கு விற்கப்பட்டதுதான் தவறான சரக்கு.

"அப்ப எந்த கியர்ல போவே?"

"மூணு."

"முள் எங்க நிக்கும்?"

யோசித்தான். "ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐந்நூறு இருக்கும்."

மறுநாள் காலை இருவரும் பொம்மிடி ரயில்வே ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினோம். நான் பக்கத்து சீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு. முள் 4000ஐத் தாண்டினால் ஒரு கோடு போடுவது என்று ஏற்பாடு. வேகத்தடை, ஆடு, பள்ளிக்கூடப் பஸ், மறுபடி வேகத்தடை. போக வர மொத்தம் இரண்டு கோடு. ஒன்று கரும்பு டிராக்டரை முந்தியபோது. இன்னொன்று, நான் கோடு போடவே இல்லையே என்று அவனுக்குப் பொறுக்காமல் மிதித்தபோது. 6000ஐ முள் தொடவே இல்லை. அந்த எட்டுக் குதிரையும் லாயத்திலேயே புல் தின்றுகொண்டிருந்திருக்கும், வந்திருந்தால்.

திரும்பும் வழியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தினோம். ஏர் ஃபில்டரைக் கழற்றி அவர் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். செம்மண்ணும் கரும்புத் தூசியும் ஒரு கைப்பிடி. பிளக்கைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ஆயிரத்துச் சொச்சத்தில் இரண்டையும் மாற்றினார். ஏற்றத்தில் மூன்றிலேயே பிடித்துக்கொண்டிருக்காமல் ரெண்டாவதுக்கு இறக்கச் சொன்னார். "இன்ஜின் கத்துதேன்னு பயப்படாதீங்க தம்பி. அது கத்துறதுக்குத்தான் செஞ்சிருக்கு." இந்த ஆலோசனைக்குக் காசு வாங்கவில்லை.

ஹெட்டர் பற்றி நான் கேட்டேன். பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "நானே ஆர்கான் வெல்டிங்ல வளைச்சுப் போட்டுத் தந்திருக்கேன் சார், பைக்குக்கு, காருக்கு எல்லாத்துக்கும். முன்னாடியே சொல்லிடுவேன். இழுவை கேக்காதீங்க, சத்தம் கேளுங்க, தர்றேன்னு."

நான் இதுவரை படித்த ஹெட்டர் விளம்பரங்களில் இதுதான் யோக்கியமானது.

பையன் வண்டியில் ஏறிய பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "பெரியப்பா, நீங்க சொல்றதெல்லாம் கரெக்ட். ஆனா அந்தச் சத்தம் கேட்டா எனக்கு ஒரு மாதிரி ஜிவ்வுனு இருக்கும். அது பொய்யா?"

பொய் இல்லை. நானும் ஒரு காலத்தில் சோழவரம் போயிருக்கிறேன். பழைய விமான ஓடுதளத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, காது அடைத்துப்போய், சாயங்காலம் வீட்டில் அம்மா கூப்பிட்டது கேட்காமல் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்று ஜெயித்தது யார் என்பது மறந்துவிட்டது. சத்தம் மறக்கவில்லை. ஆசைப்பட்டு வாங்குவது என்றால் பட்டுப் புடவைக்கு மைலேஜ் கேட்க முடியுமா? ஆனால் ஆசையை ஆசை என்று சொல்லி விற்க வேண்டும். குதிரை என்று சொல்லி விற்றால் எண்ணித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவும் பட்டுப் புடவை ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்துத் தெருக் குழந்தையை எழுப்பாது.

போன வாரம் போன் செய்தான். குடும்பத்தோடு சேலம் போய் வந்தானாம். தொப்பூரில் ரெண்டாவது கியர், முள் நாலாயிரத்துக்கு மேல், லாரிக்காரர் பின்னாலேயே நின்றுவிட்டாராம். அம்மாதான், வண்டி ஏன் இப்படிக் கத்துகிறது, ரிப்பேரா என்று கேட்டாளாம்.

"ஹெட்டர் என்னாச்சு?"

"இப்போதைக்கு வேணாம்னு வெச்சிருக்கேன் பெரியப்பா. கோயம்புத்தூர் டிராக்ல அடுத்த ரேஸ் எப்பன்னு விசாரிச்சிருக்கேன். நீங்களும் வாங்க. காதுல வைக்கப் பஞ்சு நான் எடுத்துட்டு வர்றேன்."